பாறை ஏறும் கையும் பட்டறைக் கையும்

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயிலில் ஒரு நாள் காலையில் பயணம் செய்து பாருங்கள். எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போகும். கையில் சாப்பாட்டுப் பையுடன் நிற்கும் பயணிகளில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவர்கள். இரும்பு உருக்கும் உலைகள், கம்பி உருட்டும் ரோலிங் மில்கள், வார்ப்படச் சாலைகள், உதிரிப்பாகப் பட்டறைகள் ஆகியவை அங்கே உள்ளன.

இப்பயணிகளுள் ஓர் இளைஞரைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 32. வாரத்தில் ஆறு நாள் ரோலிங் மில்லில் ஃபிட்டர் வேலை. ஸ்பேனரும் சுத்தியலும் அவருடைய கருவிகள். ஞாயிற்றுக்கிழமையானால், ஆந்திர எல்லைக்கு அப்பால் உள்ள நகலாபுரம், காம்பாக்கம் மலைப் பக்கம் நண்பர்களுடன் போய்விடுவார். அண்மைக்காலமாகப் பாறையேற்றத்தில் அவருக்கு ஆர்வம் பிறந்திருக்கிறது. செயற்கைச் சுவரில் விரல்களால் பற்றித் தொங்கிப் பயிற்சி செய்கிறார்.

மூன்று மாதமாக அவருக்கு ஒரு தொல்லை. காபித் தம்ளரைத் தூக்கினால் முழங்கையில் சுருக்கென்று வலிக்கிறது. ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை. கதவுப் பிடியைத் திருகக் கை கூசுகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் ஒரு குறையும் இல்லை. நாற்பது கிலோ இரும்பைத் தூக்கிய கை ஒரு தம்ளரைத் தூக்கத் தயங்குவது ஏன்? எலும்பு நன்றாக இருக்கும்போது வலி எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விகளுக்கு விடை காண முயல்வோம்.

பிடியின் வயது

கையால் ஒரு பொருளை இறுகப் பிடித்து ஓங்கி அடிக்கும் வேலைக்குத் திருவள்ளூர் மாவட்டத்தில் மிக நீண்ட வரலாறு உண்டு. பூண்டி நீர்த்தேக்கத்திற்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-ஆம் ஆண்டில் இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற நிலவியல் அறிஞர்கள் கற்காலக் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தனர். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் அதே இடத்தில் அகழாய்வு செய்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தார்கள். கெட்டியான குவார்ட்சைட் கல்லை இன்னொரு கல்லால் தட்டித் தட்டிச் செய்த கருவிகள் அவை. அன்று கல்லைப் பிடித்த கைக்கும் இன்று சுத்தியலைப் பிடிக்கும் கைக்கும் வேலை ஒன்றுதான்: விரல்கள் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு அசையாமல் நிற்க வேண்டும், முழங்கை சுமையைத் தாங்க வேண்டும்.

இந்த வலிக்கு மருத்துவ நூல்களில் இடம் கிடைத்து ஒன்றரை நூற்றாண்டுதான் ஆகிறது. 1873-இல் ரூங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர், எழுதும் தொழில் செய்பவரிடம் இதைக் கண்டு எழுதினார். பத்து ஆண்டுகளுக்குள் இங்கிலாந்தில் டென்னிஸ் விளையாட்டு பரவியது. 1883-இல் இது "டென்னிஸ் முழங்கை" என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் இந்த வலி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் டென்னிஸ் மட்டையைத் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். தச்சர், கொத்தனார், ஃபிட்டர், கம்பி வளைப்பவர், தையற்காரர், நாள்தோறும் துணி பிழியும் இல்லத்தரசி ஆகிய எல்லாருக்கும் இது வரும். வயது வந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை இந்த வலியால் துன்புறுகிறார்கள். 35 முதல் 55 வயது வரை உள்ளவர்களிடம் மிகுதியாகக் காணப்படுகிறது.

முழங்கையின் அமைப்பு

முழங்கையில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன. மேலே இருப்பது மேற்கை எலும்பு. கீழே இருப்பவை ரேடியஸ், அல்னா என்ற இரண்டு முன்கை எலும்புகள். இப்போது உங்கள் வலது முழங்கையை மடக்கி, இடது கை விரல்களால் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் ஓர் எலும்பு முடிச்சு தட்டுப்படும். உட்பக்கம் அதைவிடப் பெரிதாக இன்னொரு முடிச்சு இருக்கும். இரண்டும் மேற்கை எலும்பின் கீழ்முனையில் உள்ளவை.

விரல்களையும் மணிக்கட்டையும் மேல்நோக்கி நிமிர்த்தும் தசைகள் பல, வெளிமுடிச்சில் தொடங்குகின்றன. விரல்களை மடக்கும் தசைகளும், உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும் தசையும் உள்முடிச்சில் தொடங்குகின்றன. தசை நேரே எலும்பில் ஒட்டுவதில்லை. தசையின் நுனி, வெண்மையான, நார் போன்ற ஒரு கயிறாக மாறி எலும்பைப் பற்றுகிறது. இதற்குத் தசைநாண் என்று பெயர். முழங்கை வலிக்கு இருப்பிடம் பெரும்பாலும் இந்தத் தசைநாண்தான். எக்ஸ்ரே படத்தில் எலும்பு தெரியும், தசைநாண் தெரியாது. எக்ஸ்ரேயில் ஒன்றும் தென்படாததன் காரணம் இப்போது விளங்குகிறது அல்லவா?

ஒரு சிறு சோதனை

பொருளைப் பிடிப்பது விரல்களை மடக்கும் செயல். அப்படியானால் விரல்களை நிமிர்த்தும் தசைகளுக்கு அங்கே என்ன வேலை? பிடித்து வேலை செய்பவருக்கு முழங்கையின் வெளிப்பக்கம் ஏன் வலிக்க வேண்டும்?

கருவி எதுவும் இல்லாமல் நீங்களே இதைச் சோதித்துப் பார்க்கலாம். வலது கையை மேசைமேல் தளர்வாக வையுங்கள். இடது கை விரல்களை வலது முழங்கையின் வெளிமுடிச்சுக்கு இரண்டு அங்குலம் கீழே வையுங்கள். இப்போது வலது கையை இறுக மூடுங்கள். இடது விரல்களின் கீழ் உள்ள தசை கல்லைப் போல் கெட்டியாவதை உணர்வீர்கள். அது விரலை மடக்கும் தசை அன்று, மணிக்கட்டை நிமிர்த்தும் தசை!

இன்னொன்றும் செய்து பாருங்கள். மணிக்கட்டை உட்பக்கமாக நன்றாக மடக்கிக்கொண்டு, அதே நிலையில் ஒரு பென்சிலை இறுகப் பிடிக்க முயலுங்கள். பிடி வலுவிழந்து போகும்.

காரணம் இதுதான். விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல்களுக்குச் செல்கின்றன. அவை இழுக்கும்போது விரலோடு மணிக்கட்டும் சேர்ந்து மடங்கப் பார்க்கும். மடங்கினால் பிடி நழுவும். ஆகவே நிமிர்த்தும் தசை எதிர்ப்பக்கத்திலிருந்து இழுத்து மணிக்கட்டை நிலையாக நிறுத்த வேண்டியிருக்கிறது. கொடிக்கம்பத்தை இருபுறமும் கயிறு கட்டி நிறுத்துவதைப் போன்றது இது. பிடி இறுக இறுக இரண்டு கயிறுகளிலும் இழுவிசை ஏறும். மணிக்கட்டை நிமிர்த்தும் குறுந்தசை ஒன்று உண்டு. அதன் தசைநாண் வெளிமுடிச்சில் பற்றியிருக்கும் இடம் ஏறக்குறைய உங்கள் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். நாள் முழுவதும் ஸ்பேனர் திருகும் கையின் இழுவிசையில் பெரும்பங்கு அந்தச் சிறு இடத்தில் சென்று குவிகிறது.

ஆகவே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்: வலி முழங்கையில், அதன் வேர் பிடியில்.

நெம்புகோல் கணக்கு

பள்ளியில் மூன்று வகை நெம்புகோல்களைப் படித்திருப்பீர்கள். முன்கை மூன்றாம் வகை நெம்புகோல். ஆதாரப்புள்ளி முழங்கை மூட்டு, சுமை உள்ளங்கையில், இரண்டுக்கும் இடையில் தசை இழுக்கிறது. மேற்கையின் இருதலைத் தசை, மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தொலைவில் முன்கை எலும்பைப் பற்றுகிறது. உள்ளங்கையோ ஏறத்தாழ 35 செ.மீ. தொலைவில் இருக்கிறது. முழங்கையைச் செங்கோணமாக மடக்கி 5 கிலோ எடையை ஏந்தினால், தசை தர வேண்டிய விசை 5 × 35 ÷ 4, அதாவது ஏறத்தாழ 44 கிலோ எடைக்குச் சமம். கையில் இருப்பது ஐந்து கிலோ. தசைநாண் தாங்குவதோ அதைப்போல் ஏறத்தாழ ஒன்பது மடங்கு! விசையில் இழந்ததை நாம் வேகத்திலும் வீச்சிலும் திரும்பப் பெறுகிறோம். நம் கை கல்லெறியவும் பந்து வீசவும் வல்லதாக இருப்பது இதனால்தான்.

பாறையில் என்ன நடக்கிறது?

பாறையேற்றம் இன்று ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டு. 2021-இல் நடந்த டோக்கியோ போட்டிகளில் அது முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. கர்நாடகத்தில் உள்ள பாதாமியும் ஹம்பியும் பாறையேறுவோர் நாடிச் செல்லும் இடங்கள். நகரங்களில் செயற்கைச் சுவர்களும் வந்துவிட்டன.

பாறையேறுபவர் விரல் நுனி அளவே உள்ள விளிம்பைப் பற்றி உடலின் எடையைத் தாங்குகிறார். விரல் மடக்கும் தசைகள் முழு வலுவுடன் இழுக்கின்றன. பாறையைப் பற்றும் கையில் உள்ளங்கை பாறையை நோக்கி இருக்கும். உடலை மேலே இழுக்க முழங்கையை மடக்கும்போது, இருதலைத் தசை மடக்குவதோடு நில்லாமல் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் பார்க்கிறது. கை திரும்பிவிடாதபடி, உள்முடிச்சில் தொடங்கும் தசை அதை எதிர்த்து நிற்க வேண்டும். ஆக உள்முடிச்சுக்கு இரட்டைச் சுமை. பாறையேறுபவர்களுக்கு உட்பக்க வலி அடிக்கடி வருவது இதனால்தான். விடாமல் இறுக்கிப் பிடிப்பதால் வெளிப்பக்க வலியும் சிலருக்கு வருவதுண்டு.

புதிதாகப் பழகுபவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அவர் கைகளால் தம்மை மேலே இழுக்கிறார். பழகியவரோ கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறார். கை அவரைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள மட்டுமே பயன்படுகிறது. ஓய்வெடுக்கும் நேரத்தில் முழங்கையை மடக்கித் தொங்காமல் நீட்டி வைப்பார். இவ்விரண்டு பழக்கங்களும் முழங்கைத் தசைநாணின் சுமையைப் பெரிதும் குறைக்கும்.

அறுந்த கயிறா, அரைகுறையாக ஆறிய புண்ணா?

தசைநாண் கொலாஜன் என்ற புரத இழைகளால் ஆனது. தேங்காய் நாரைத் திரித்துப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்துக் கயிறாக்குவதைப் போல, நுண்ணிழைகள் கற்றை கற்றையாகச் சேர்ந்து தசைநாண் ஆகின்றன. வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் தசைக்குக் கிடைக்கும் இரத்த ஓட்டத்தில் சிறு பங்குதான் இதற்குக் கிடைக்கிறது. ஆகவே பழுதுபார்க்கும் வேலை மிக மெதுவாக நடக்கிறது.

எவ்வளவு மெதுவாக? 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டில் உடலில் உருவான திசுவில் அந்தந்த ஆண்டின் அளவு பதிந்துவிடும். டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இந்த அடையாளத்தைக் கொண்டு குதிகால் தசைநாணின் வயதைக் கணக்கிட்டு 2013-இல் வெளியிட்டார்கள். அதன் உட்பகுதி ஏறத்தாழ 17 வயதுக்குள் உருவானது. அதன்பின் அது பெரிதும் புதுப்பிக்கப்படுவதில்லை என்று தெரியவந்தது. அருகிலுள்ள தசையோ தொடர்ந்து புதுப்பிக்கப்பட்டு வந்தது.

இதிலிருந்து பயிற்சி செய்பவர் அறிய வேண்டியது என்ன? தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண் இணையாக வலுப்பெற மாதங்கள் ஆகும். இரண்டு மாதப் பயிற்சியில் "என்னால் முடிகிறதே" என்று தோன்றும் நேரம்தான் ஆபத்தான நேரம். தசைக்கு முடியும்; தசைநாணுக்கு முடியாது. இன்னொரு செய்தியும் உண்டு. கடும் உழைப்புக்குப் பின் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை தசைநாணில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே மிகுதி. அதற்குப் பிறகே ஆக்கம் முந்துகிறது. நாள் தவறாமல் கடுஞ்சுமை ஏற்றினால் சிதைவு மேலோங்கிக்கொண்டே போகும்.

இவ்வலியை அழற்சி என்றே மருத்துவர்கள் நீண்ட காலம் கருதி வந்தார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் நிர்ஷ்லும் அவருடன் பணியாற்றிய பெட்ரோனும் 1979-இல், அறுவை செய்து எடுத்த தசைநாண் துண்டுகளை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார்கள். அழற்சிக்குரிய அணுக்கள் அங்கே ஏராளமாக இருக்கவில்லை. ஒழுங்கு குலைந்த இழைகளும், வேலைக்கு உதவாத புதிய நுண்குழாய்களுமே தென்பட்டன. சுருங்கச் சொன்னால் அது அரைகுறையாக ஆறி, பாதியில் நின்றுபோன பழுதுபார்ப்பு. இதைப் புரிந்துகொண்டால் மருத்துவ முறையும் புரியும்.

ஊசி போட்டால் சரியாகிவிடுமா?

வலி மிகும்போது பலர் கேட்பது, "ஒரு ஊசி போட்டுவிடுங்கள், நாளைக்கே வேலைக்குப் போக வேண்டும்" என்பதுதான். தினக்கூலியும் ஒப்பந்த வேலையும் செய்பவரின் நிலையில் இருந்து பார்த்தால் இதில் வியப்பில்லை. ஸ்டீராய்டு ஊசி வலியை விரைவில் குறைப்பதும் உண்மையே. ஆனால் பின்னால் நடப்பது என்ன?

நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். ஒரு குழுவுக்கு ஸ்டீராய்டு ஊசி. இன்னொன்றுக்கு உடற்பயிற்சி மருத்துவம். மூன்றாவதற்கு அறிவுரை கூறிப் பொறுத்திருக்கச் சொன்னார்கள். முடிவுகள் 2002-இல் "லான்செட்" மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆறு வாரத்தில் நலமடைந்தவர்கள் ஊசிக் குழுவில் 92 விழுக்காடு, பயிற்சிக் குழுவில் 47, பொறுத்திருந்த குழுவில் 32. ஊசிக்கே வெற்றி! ஆனால் 52 வாரம் கழித்துப் பார்த்தபோது கணக்கு தலைகீழாகியிருந்தது. ஊசிக் குழுவில் 69 விழுக்காடு, பயிற்சிக் குழுவில் 91, பொறுத்திருந்தவர்களில் 83.

வலி மறைந்ததும் நோய் தீர்ந்தது என்று எண்ணிப் பழைய சுமையை மீண்டும் ஏற்றுகிறோம். பழுதான தசைநாணோ பழுதாகவே இருக்கிறது. ஸ்டீராய்டு அதன் பழுதுபார்க்கும் வேலையையும் தடுக்கக்கூடும். ஆகவே திரும்பத் திரும்ப ஊசி போட்டுக்கொள்வது நல்லதன்று.

இன்னொன்றையும் இந்தக் கணக்கு காட்டுகிறது. ஒன்றும் செய்யாவிட்டாலும் பெரும்பாலோருக்கு ஓர் ஆண்டில் வலி தணிந்துவிடுகிறது. அந்த ஓர் ஆண்டை எப்படிக் கடப்பது, வேலையை இழக்காமல் எப்படித் தேறுவது என்பதே கேள்வி.

புகழ்பெற்றவர்களும் இதற்கு விலக்கல்லர். சச்சின் டெண்டுல்கருக்கு 2004-இல் இடது முழங்கையில் இந்த வலி வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவுடன் நடந்த டெஸ்ட் போட்டியில் அவர் ஆட முடியாமல் போனது. 2005 மே மாதம் இலண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பல மாதங்களுக்குப் பிறகே ஆட்டத்துக்குத் திரும்பினார். அதன்பின் 2013 வரை ஆடினார். அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். ஆறு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை முறையான பயிற்சி செய்தும் தீராதவர்களுக்கே அது கடைசி வழி.

அளந்து ஏற்றும் சுமையே மருந்து

முழு ஓய்வு கொடுத்தால் தசைநாண் மேலும் வலுவிழக்கும். கடுஞ்சுமை கொடுத்தால் மேலும் சிதையும். இரண்டுக்கும் நடுவில், அளந்து ஏற்றும் சுமை ஒன்றே இழைகளை ஒழுங்காக அடுக்கி வலுப்பெறச் செய்யும். மருந்தை அளந்து குடிப்பதுபோல் சுமையையும் அளந்து தர வேண்டும்.

முதலில் வலி எந்தப் பக்கம் என்று அறிந்துகொள்ளுங்கள். கையை நீட்டி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து, மறுகை எதிர்த்து அழுத்த, மணிக்கட்டை மேலே தூக்குங்கள். வெளிமுடிச்சில் வலித்தால் வெளிப்பக்கப் பழுது. உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து மணிக்கட்டை எதிர்ப்புக்கு எதிராக மடக்கும்போது உள்முடிச்சில் வலித்தால் உட்பக்கப் பழுது.

முதற்கட்டம், முதல் ஓரிரு வாரங்கள்: கூர்மையான வலி தரும் செயலை மட்டும் நிறுத்துங்கள், கையையே நிறுத்திவிட வேண்டாம். பொருள்களை உள்ளங்கை மேல்நோக்கி இருக்க, முழங்கையை மடக்கி, உடலை ஒட்டித் தூக்குங்கள். மணிக்கட்டை அசைக்காமல் மறுகையின் எதிர்ப்புக்கு எதிராக மெதுவாக அழுத்தி, 30 முதல் 45 நொடி வரை நிறுத்துங்கள். ஒரு வேளைக்கு நான்கைந்து முறை போதும்.

இரண்டாம் கட்டம், ஏறத்தாழ 12 வாரம்: ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றே இதற்குப் போதும். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. பாதி நிரப்பினால் அரைக் கிலோ. முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். வெளிப்பக்க வலிக்கு உள்ளங்கை கீழ்நோக்கியும், உட்பக்க வலிக்கு மேல்நோக்கியும் இருக்க வேண்டும். மறுகையின் உதவியால் பாட்டிலை மேலே தூக்குங்கள். பிறகு உதவியை விட்டுவிட்டு, ஐந்து எண்ணும் வரை மிக மெதுவாகக் கீழே இறக்குங்கள். மெதுவாக இறக்குவதில்தான் பயன் இருக்கிறது. 10 முதல் 15 முறை, மூன்று சுற்றுகள். அரைக் கிலோவில் தொடங்கி, எளிதானதும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

எவ்வளவு வலி வரலாம்? வலியே இல்லாததற்கு 0, தாங்க முடியாததற்கு 10 என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது 3 வரை இருக்கலாம். மறுநாள் காலையில் வலி பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லையானால் முந்திய நாள் அளவு மிகை, குறைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை ஒருநாளும் பொய் சொல்லாது.

மூன்றாம் கட்டம், திரும்புதல்: பாறையேறுபவர் பெரிய பிடிகளில், சாய்வான சுவரில், முன்பு ஏறிய நேரத்தில் பாதியளவு தொடங்கட்டும். இரண்டு பயிற்சிகளுக்கு நடுவே ஒரு நாள் இடைவெளி இருக்கட்டும். விரல் நுனியில் தொங்கும் பயிற்சி கடைசியாக வரட்டும்.

பட்டறையில் செய்யக்கூடியவை

பாறையேறுபவர் ஏறுவதை ஒத்திவைக்கலாம். தொழிலாளியால் வேலையை ஒத்திவைக்க முடியாது. ஆகவே வேலையையே கைக்கு ஏற்றபடி மாற்ற வழி தேட வேண்டும். மெல்லிய கைப்பிடியை இறுகப் பிடிக்க வேண்டியிருக்கும். ரப்பர் அல்லது துணி சுற்றிச் சற்றுத் தடிமனாக்கினால் பிடிக்கும் விசை குறையும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டாலே பிடி தளரும். நீண்ட கைப்பிடி உள்ள ஸ்பேனருக்கு விசை குறைவாகவே தேவைப்படும். இதுவும் நெம்புகோல் தத்துவம்தான். மணிக்கட்டு நேராக இருக்கும்படி வேலைப் பொருளின் உயரத்தை மாற்றலாம். ஒரே திருகலை எட்டு மணி நேரமும் ஒருவரே செய்யாமல் இரண்டு மணிக்கு ஒருமுறை வேலையை மாற்றிக்கொள்ளலாம். முழங்கைக்கு இரண்டு மூன்று விரற்கடை கீழே கட்டும் பட்டை சிலருக்கு வேலை நேரத்தில் வலியைக் குறைக்கும்.

மேற்பார்வையாளர்களுக்கு ஒரு சொல். கை வலிக்கிறது என்று முதல் வாரத்தில் சொல்லும் தொழிலாளிக்கு இலேசான வேலை தந்தால் அவர் வேலை நின்றுபோகாது. ஆறு மாதம் மறைத்து வைத்த வலி இரு தரப்புக்கும் இழப்பு. ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளி, உரிய சந்தா செலுத்தப்பட்டு மருத்துவர் சான்றும் அளித்தால், ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காட்டை நோய்க்கால உதவியாகப் பெறலாம். இதை அறியாமலே ஊசியை நாடுபவர்கள் உண்டு.

எப்போது உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

இதுவரை கூறியவை மெல்ல மெல்ல வரும் வலிக்கு உரியவை. பாறையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து கையை ஊன்றிக்கொண்டால் நிலைமையே வேறு. முழங்கை வீங்கினாலும், வடிவம் மாறினாலும், முழுவதும் நீட்ட முடியாவிட்டாலும், "டப்" என்ற ஓசையோடு வலு போனாலும் முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

எலும்பு என்றதும் இந்த வட்டார மக்கள் புத்தூர்க் கட்டை நினைப்பது வழக்கம். எங்கே சிகிச்சை பெற்றாலும் இரண்டு செய்திகளை மறக்காதீர்கள். அடிபட்ட முழங்கையை எண்ணெய் போட்டு உருவக் கூடாது. தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடக்கூடும். கட்டு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திற்குள் முன்கைத் தசைகள் மடிந்து விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1881-இலேயே இதை விளக்கியிருக்கிறார். கட்டுப் போட்டபின் விரல்கள் குளிர்ந்தாலும், வெளுத்தாலும், மரத்தாலும், விரலை நீட்டும்போது கடும் வலி எடுத்தாலும் நேரம் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

உள்முடிச்சுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ஒரு நரம்பு ஓடுகிறது. முழங்கையை இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்கிறதே, அது இந்த நரம்பின் வேலை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் அடிக்கடி மரத்துப்போனால் பழுது தசைநாணில் இல்லாமல் இந்த நரம்பில் இருக்கலாம். வளரும் சிறுவர் சிறுமியர்க்கு உள்முடிச்சில் வலி வந்தால், அங்குள்ள வளர்ச்சிக் குருத்தெலும்பு பாதிக்கப்பட்டிருக்கக் கூடும். அவர்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

திருவள்ளூரில் 2022-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வேங்கடசாமி 1971-இல் தொடங்கிய கை அறுவை மருத்துவப் பிரிவு, ஆலைகளில் கையை இழக்கவிருந்த பலருக்கு வாழ்வளித்திருக்கிறது. உதவி எட்டாத தொலைவில் இல்லை.

நம் ரயில் பயணிக்குத் திரும்புவோம். அவர் பாறையேற்றத்தை விட்டுவிட வேண்டியதில்லை. வேலையையும் விட வேண்டியதில்லை. ஸ்பேனர் பிடியில் ரப்பர் சுற்றிக்கொள்ளட்டும். சுவரில் கைக்குப் பதில் காலை நம்பட்டும். இரவில் பாதி நிரம்பிய தண்ணீர் பாட்டிலை ஐந்து எண்ணி மெதுவாக இறக்கட்டும். மூன்று மாதத்தில் காபித் தம்ளர் வலியில்லாமல் உயரும் என்று எதிர்பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் யாரேனும் தம்ளரை இடது கைக்கு மாற்றிப் பிடிக்கிறார்களா என்று இன்று மாலை கவனித்துப் பாருங்கள். வலியை அவர்கள் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம், கை சொல்லிவிடும்.